மெசின் பக்கத்துலயே எழுதி வெச்சுட்டுப் போலாம்ங்களா?

வாசகர் கேள்வி – பதில்

ஷிப்ட் மாறும்போது வாய்வழியாகக் கைமாறும் சின்னச் சின்னத் தகவல்களை, அந்தந்த இடத்திலேயே போனில் படிக்கும் குறிப்பாக விட்டுச் செல்வது பற்றித் திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கங்களிலிருந்து வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். அவற்றில் சில இங்கே.

எங்க யூனிட்ல 4 லைன், 110 மெசின். வாட்ஸ்அப் குரூப் இருக்குதுங்க. ஆனா காலை வணக்கம், ஆர்டர் போட்டோ, லீவு சேதின்னு எல்லாம் வந்து விழுந்து முக்கியமானது மேல போயிடுது. "7ஆம் நெம்பர் ஓவர்லாக்ல நூல் அறுபடுது"ன்னு நைட்ல போட்டது, காலைல வர்றவங்க கண்ணுல படறதே இல்லை. இடத்தோட ஒட்டுன குறிப்புன்னு சொல்றாங்களே, அது இதுக்கு ஆகுமுங்களா?
– லைன் சூப்பர்வைசர், பெருமாநல்லூர்

ஆகும். வாட்ஸ்அப் எல்லாத் தகவலையும் வந்த நேரப்படி அடுக்குகிறது. 7ஆம் நெம்பர் மெசினில் வந்து உட்காருகிறவருக்கு வேண்டியது நேரவரிசை இல்லை. அந்த மெசினைப் பற்றி நேற்று யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும்தான். மெசின் மேசையில் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டி, அதைப் போன் கேமராவில் காட்டினால் அந்த இடத்துக்கான கடைசி சில குறிப்புகள் மட்டும் திறக்கும்படி வைத்தால், தேடும் வேலையே இல்லை.

"அதுக்குத்தான் பிரேக்டவுன் ரெஜிஸ்டர் இருக்கே" என்று மெக்கானிக் சொல்வார். ரெஜிஸ்டரில் "லூப்பர் மாற்றப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும் (லூப்பர் என்பது ஓவர்லாக்கில் நூலைக் கோக்கும் பாகம்). ஆனால் டீ குடிக்கும்போது ஒரு டெய்லர் இன்னொருவரிடம் சொல்வது இப்படி இருக்கும்: "கோன் மாத்தியாச்சு, டென்ஷன் குறைச்சாச்சு, இன்னும் அறுபடுது. லூப்பர் முனை சொரசொரன்னு இருக்குது. மெக்கானிக் அண்ணன் பாக்கற வரைக்கும் ரிப் துணி ஓட்டாதீங்க." என்னென்ன செய்து பார்த்தாகிவிட்டது, இடைக்காலத்தில் எதைத் தவிர்க்க வேண்டும் என்ற இரண்டும் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. அடுத்த ஷிப்ட்காரர் மறுபடி கோனை மாற்றுவதில் தொடங்கி அரை மணி நேரத்தை விடுகிறார். இந்த முறை அந்தப் பேச்சுக்காகத்தான். ரெஜிஸ்டர் அதன் போக்கில் இருக்கட்டும். குரூப்பும் இருக்கட்டும், லீவு சேதிக்கு அதுதான் சரி.

110 மெசினுக்கும் ஒரே நாளில் ஒட்டாதீர்கள். ஆட்கள் தாமாகவே நின்று பேசும் 5 இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: ஊசி மாற்றித் தரும் மேசை, நூல் ரேக், தொந்தரவு கொடுக்கும் ஒரு மெசின், அயனிங் டேபிள், செக்கிங் மேசை. அதற்கு வைக்கும் பெயரும் ஆட்கள் புழங்கும் பெயராகவே இருக்கட்டும். "மேக்கால செவுரு ஃபேன்" என்றால் எல்லாருக்கும் தெரியும். "பிரிவு சி, நிலையம் 4" என்றால் பிளான் போட்டவருக்கு மட்டுமே தெரியும்.

சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முதலாளி ஒத்துக்க மாட்டாருங்க. காசு செலவில்லாம நானே செய்யற மாதிரி வழி இருக்குதுங்களா? படிப்படியாச் சொல்லுங்க.
– கம்ப்யூட்டர் ஆபரேட்டர், அவிநாசி

கூகுள் ஃபார்ம்ஸ், கூகுள் ஷீட்ஸ் இரண்டும் போதும். 5 இடத்துக்கு அரை நாள் வேலை.

முதலில் கம்பெனிக்கென்று தனி கூகுள் கணக்கு தொடங்குங்கள். சொந்தக் கணக்கில் செய்துவிட்டு, பின்னால் நீங்கள் வேலை மாறி அதை அழித்தால் ஒட்டிய ஸ்டிக்கர் அத்தனையும் செத்துப்போகும்.

ஃபார்மில் நான்கே கேள்விகள். ஒன்று, இட எண். இரண்டு, என்ன விஷயம். மூன்று, எத்தனை நாளைக்கு இது இருக்க வேண்டும். இதற்கு 1, 3, 7 என்று வெறும் எண்களையே தேர்வாகக் கொடுங்கள். "3 நாள்" என்று எழுதிவிட்டால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கூட்ட முடியாது. நான்கு, பெயர், இதைக் கட்டாயமாக்காதீர்கள். "என்ன விஷயம்" என்பதற்கு அதிகபட்சம் 300 எழுத்து என்று வரம்பு வையுங்கள். கணினியின் எழுத்துக் கணக்கு நம் கணக்கில்லை: "ல்" என்பதை ல, புள்ளி என இரண்டாக எண்ணும், "கொ" என்பதும் அதற்கு இரண்டு. 300 வைத்தால் ஏறக்குறைய 180, 190 தமிழ் எழுத்து கிடைக்கும். நாலு வரிக்கு அது தாராளம்.

ஃபார்ம் செட்டிங்ஸில் இமெயில் சேகரிப்பதையும், ஒருவருக்கு ஒரு பதில் மட்டும் என்பதையும் அணைத்து வையுங்கள். பின்னது ஓடினால் ஒவ்வொருவரிடமும் கூகுள் லாகின் கேட்கும், எண்ணெய்க் கையோடு நிற்பவர் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். போட்டோ ஏற்றும் கேள்வி சேர்த்தாலும் லாகின் கேட்கும். அதனால் தொடக்கத்தில் போட்டோ வேண்டாம்.

பிறகு பதில்கள் பகுதியில் ஷீட்டோடு இணையுங்கள். ஏ நெடுவரிசையில் நேரம், பி-யில் இட எண், சி-யில் விஷயம், டி-யில் நாள், ஈ-யில் பெயர் என்று விழும். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் வைத்து (301, 302 என்று), ஷீட்டில் அதற்கொரு தாவல் (டேப்) திறந்து, அதில் ஃபில்டர் சூத்திரம் போடுங்கள். நிபந்தனை இரண்டு: பி நெடுவரிசை 301-க்குச் சமம், ஏ-யோடு டி-யைக் கூட்டினால் இப்போதைய நேரத்தைவிட, அதாவது நவ்-ஐவிட, அதிகம். இரண்டையும் 2ஆம் வரியிலிருந்து எடுங்கள். தலைப்பு வரியைச் சேர்த்தால் கூட்டல் பிழையாகும். அதைச் சார்ட் சூத்திரத்துக்குள் வைத்துப் புதியது மேலே வரச் செய்யுங்கள். கடைசியாக எல்லாவற்றையும் இஃப்எரர் சூத்திரத்துக்குள் அடக்கி, "புதுக் குறிப்பு எதுவும் இல்லை" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் குறிப்பு இல்லாத நாளில் திரையில் பிழைச் செய்தி நிற்கும். பார்ப்பவர் ஸ்டிக்கர் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொள்வார்.

பலரும் தவறவிடும் இரண்டு செட்டிங் ஷீட்டுக்குள் இருக்கின்றன. ஒன்று நேர மண்டலம்; கொல்கத்தா என்று இருக்க வேண்டும். வேறு நாட்டு நேரத்தில் இருந்தால் குறிப்பு பல மணி நேரம் முன்போ பின்போ மறையும். இன்னொன்று மறுகணக்கீடு. சும்மா விட்டால் ஷீட்டில் ஏதாவது மாறும்போதுதான் நவ் புதுப்பிக்கும். "மாற்றம் வரும்போதும் ஒவ்வொரு மணி நேரமும்" என்று மாற்றிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை யாரும் தொடாவிட்டாலும் பழையது தானாக விழுந்துவிடும்.

இனி ஃபார்முக்குப் போய், மூன்று புள்ளி மெனுவில் முன்கூட்டியே நிரப்பிய இணைப்பு பெறும் வசதியைத் திறந்து, இட எண்ணில் 301 அடித்து இணைப்பை எடுங்கள். அதை 301 தாவலின் முதல் வரியில் "எழுத இங்கே தொடுங்க" என்று போடுங்கள். பிறகு அந்தத் தாவலை மட்டும் வலையில் வெளியிடுங்கள். முழு ஷீட்டையும் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லா இடத்துக் குறிப்பும் வெளியே போய்விடும், கவனம். வெளியிட்ட பக்கத்தின் முகவரியைக் கியூஆராக மாற்றி அச்சடியுங்கள். ஸ்கேன் செய்தால் முதலில் படிக்கும் பக்கம், அதன் தலையிலேயே எழுதும் வழி. ஒரே ஸ்டிக்கர்.

எழுதியது அந்தப் பக்கத்தில் தெரிய ஏறத்தாழ 5 நிமிடம் ஆகும். இதை ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஒரே குறிப்பை மூன்று முறை அனுப்புவார்கள். இணைப்பு கிடைத்த யாரும் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியும் என்பதால் பையர் பெயர், ஸ்டைல் நெம்பர், விலை எதுவும் அதில் எழுதக்கூடாது. ஃபார்மில் இட எண்ணை யாராவது தெரியாமல் அழித்துவிட்டு அனுப்பினால், குறிப்பு எந்தத் தாவலிலும் வராது. பி நெடுவரிசை காலியாக உள்ளவற்றைக் காட்டும் தாவல் ஒன்றும் வைத்து, தினம் ஒரு தடவை நீங்கள் பாருங்கள்.

இட எண்ணுக்குப் பதிலாகத் தமிழில் பெயரே வைக்கலாமே என்று தோன்றும். முன்நிரப்பு இணைப்பில் தமிழ் எழுத்து குறியீடாக மாறி நீண்டுவிடும். "தையல்" என்ற ஒரு சொல்லே 45 குறியாகிவிடும். எண்ணே மேல். பெயரைத் தாவலின் தலைப்பிலும் ஸ்டிக்கரின் மேலும் பெரிதாகத் தமிழில் போடுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டுனா ஒரு மாசம்கூட நிக்கறதில்லைங்க. எங்களது சாயப்பட்டறை, ஆவி, காஸ்டிக், உப்பு எல்லாம் உண்டு. என்ன சைஸ், எதுல அடிக்கறது?
– பெருந்துறை

சைஸை முதலில் பார்ப்போம். கியூஆரில் எவ்வளவு எழுத்து ஏறுகிறதோ அவ்வளவு கட்டம் கூடும். மேலே சொன்ன வெளியிட்ட ஷீட் முகவரி ஏறக்குறைய 160 எழுத்து வரும். நடுத்தரப் பிழைதிருத்த அளவில் அது 53க்கு 53 கட்டம். சுற்றிலும் 4 கட்ட அகலத்துக்கு வெறும் வெள்ளை விட்டாக வேண்டும், ஆக 61. 6 செ.மீ. சதுரத்தில் அடித்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய 1 மி.மீ. கிடைக்கும். ஸ்கேன் தூரம் கியூஆர் அகலத்தைப் போல் 10 மடங்கு என்பது பொதுக் கணக்கு. 6 செ.மீ. என்றால் 60 செ.மீ., அதாவது ஒரு கை தூரம். அழகுக்காக வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டு, சுற்றிக் கறுப்புப் பார்டர் போட்டு அடிக்கிறார்கள். ஸ்டிக்கர் புதிதாக இருக்கும்போதே படிக்காமல் போவதற்கு இதுதான் முதல் காரணம்.

கியூஆரில் பிழைதிருத்தம் 4 அளவில் உண்டு: 7, 15, 25, 30 சதவீதம் வரை கெட்டாலும் மீட்டுப் படிக்கும். சாயப்பட்டறைக்கு 25 சதவீத அளவைத் தேர்ந்தெடுங்கள். அதே முகவரிக்கு 61 கட்டம் வரும்; வெள்ளை ஓரத்தோடு 7 செ.மீ.க்கு அடித்தால் சரியாக இருக்கும். மூலைகளில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்கள் மட்டும் கெடவே கூடாது. இந்தத் திருத்தம் அவற்றைக் காப்பாற்றாது.

இனி பொருள். பேப்பரை லேமினேஷன் செய்து, விளிம்பை ஒட்ட வெட்டினால் ஆவி ஓரத்தில் புகுந்து 10, 15 நாளில் வாய் பிளந்துவிடும். பேப்பரைச் சுற்றி 1 செ.மீ. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும்படி விட்டு வெட்டுங்கள். இன்னும் நன்றாக வேண்டுமானால் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டின் பின்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக அடித்து ஒட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் துடைத்தாலும் அச்சுக்குப் பாதிப்பில்லை.

கார்ட்டன் ஸ்டிக்கர் அடிக்கும் பார்கோடு பிரிண்டர் பக்கத்து கார்மென்ட்ஸில் இருந்தால் அதுவே போதும், ஆனால் ரிப்பனைப் பாருங்கள். வழக்கமாக ஓடும் வேக்ஸ் ரிப்பன் நகம் பட்டாலே உதிரும். ரெசின் ரிப்பனும் பாலியஸ்டர் லேபிளும் போட்டால் ஈரத்தையும் எண்ணெயையும் தாங்கும். ரிப்பனே இல்லாமல் சூட்டில் கறுக்கும் லேபிளை அயனிங் பக்கமோ சாஃப்ட் ஃப்ளோ (துணிக்குச் சாயம் ஏற்றும் மெசின்) பக்கமோ ஒட்டினால் லேபிள் முழுக்கக் கறுத்துப்போகும். மேலே கிளாஸ் லேமினேஷன் வேண்டாம், மேட் போடுங்கள். எல்இடி பட்டி லைட் பளிச்சென்று திருப்பி அடித்தால் கேமரா திணறும்.

ஒட்டும் இடம்: சாஃப்ட் ஃப்ளோ மெசின் உடம்பில் வேண்டாம், அது சூடு, வளைவு இரண்டும். பக்கத்துத் தூணில் தரையிலிருந்து 4½ அடி உயரம் சரி. ஸ்பின்னிங் மில்லில் பிரச்சினை வேறு. அங்கே பஞ்சுத்தூசி படியும், ஈரப்பதக் காற்றில் அது ஒட்டிக்கொள்ளும். படுக்கைவாட்டில் ஒட்டாமல் செங்குத்தாக ஒட்டினாலே பாதித் தூசி குறையும். மீதியை கிளீனிங் ஆள் துணியால் தட்டும் பட்டியலில் இந்த ஸ்டிக்கரையும் சேர்த்துவிடுங்கள். பவுண்டரியில் உருகிய இரும்பு போகும் வழியைப் பார்த்த தூண் முகத்தில் ஒட்டக்கூடாது. மறுமுகத்தில், ஆள் நின்று படித்தாலும் வழியில் நிற்காத இடத்தில் ஒட்டுங்கள்.

எக்ஸ்போர்ட் யூனிட் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டிக்கர் நிற்கவில்லை என்று குண்டூசியோ ஸ்டேப்ளரோ அடித்துவிடாதீர்கள். உடைந்த ஊசித் துண்டுக்கே கணக்கு வைக்கும் இடத்தில், பேக்கிங் மேசைப் பக்கம் ஒரு ஸ்டேப்ளர் பின் விழுந்தால் அந்த லாட் முழுக்க மறுபடி மெட்டல் டிடெக்டருக்குப் போகும்.

ஜிபிஎஸ்ல தானா வேலை செய்யும், கட்டிங் செக்ஷன்ல நுழைஞ்சா கட்டிங் குறிப்பு, பேக்கிங்ல நுழைஞ்சா பேக்கிங் குறிப்பு வரும்னு ஒருத்தர் வந்து சொல்றாருங்க. நம்பலாமா?
– கார்மென்ட்ஸ் உரிமையாளர், திருப்பூர்

ஷெட்டுக்குள் நம்ப வேண்டாம். திறந்த வானத்தின் கீழேயே போன் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் பிசகும். தகரக் கூரைக்கும் கான்கிரீட் தளத்துக்கும் கீழே செயற்கைக்கோள் அலை சிதறி, பத்துக்கணக்கான மீட்டர் தள்ளிக் காட்டும். நீங்கள் பேக்கிங்கில் நிற்க, போன் உங்களை ரோட்டுக்கு அந்தப்பக்கம் டீக்கடையில் நிறுத்தும். முதல் மாடியா இரண்டாம் மாடியா என்று நம்பும்படி சொல்லாது. திருப்பூரில் பாதி யூனிட் மாடிமேல் மாடி.

அப்படியே வேலை செய்தாலும், ஒரு வட்டத்துக்குள் நுழைந்ததும் எழுப்பும் வசதிக்கு ஆண்ட்ராய்டு பக்கம் சொல்லும் குறைந்தபட்ச ஆரமே 100 மீட்டர். உங்கள் கம்பெனி முழுக்க அந்த ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடும். தவிர, ஆண்ட்ராய்டு 8 வந்த 2017 முதல், திரையில் திறந்திராத செயலிக்கு மணிக்குச் சில முறைதான் இருப்பிடம் கிடைக்கும்.

கட்டிடத்துக்குள் தானாகவே வர வேண்டும் என்றால் புளூடூத் பீக்கன் என்ற சிறு கருவிகள் உண்டு. அதுவும் தூணுக்கும் இரும்பு ரேக்குக்கும் ஆள் கூட்டத்துக்கும் அலை மாறும். பேட்டரி மாற்றும் வேலை தனி. 5 இடத்துக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. கேமராவைக் காட்டும் ஒரு நொடி வேலையை மிச்சம் பிடிக்க இவ்வளவு போராட வேண்டாம்.

சிஎன்சி பட்டறை வெச்சிருக்கேன். எண்ணெய்க் கையில கேமராவைத் திறக்க முடியறதில்லை. என்எஃப்சி சிப்பு ஒட்டிட்டா போனைத் தொட்டாப் போதும்ங்கறாங்க. சரியா வருமா?
– கணபதி, கோவை

சரியாக வரும், மூன்று விஷயம் பார்த்து வாங்கினால். சாதாரண என்எஃப்சி ஸ்டிக்கரை மெசின் இரும்பு மேல் ஒட்டினால் படிக்கவே படிக்காது. இரும்பு அந்த 13.56 மெகாஹெர்ட்ஸ் புலத்தை விழுங்கிவிடும். அடியில் ஃபெரைட் படலம் வைத்த "ஆன்-மெட்டல்" வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது மரப்பலகையில் ஒட்டி மாட்டுங்கள்.

அடுத்து கொள்ளளவு. மலிவாகக் கிடைக்கும் என்டேக் 213 சிப்பில் 144 பைட்தான் எழுத இடம். மேலே சொன்ன ஷீட் முகவரி அதில் அடங்காது. எழுதும்போது பிழை காட்டும், பலர் சிப்பு கெட்டது என்று தூக்கிப்போடுகிறார்கள். 504 பைட் உள்ள என்டேக் 215 வாங்குங்கள். மூன்றாவது, குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் என்எஃப்சியே இல்லை. ஆகவே சிப்புக்கு மேலேயே கியூஆரையும் அச்சடித்து ஒட்டுங்கள், யாருக்கு எது வருமோ அது.

எழுதி முடித்துப் பார்த்த பிறகு சிப்பைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் யார் வேண்டுமானாலும் வேறு முகவரி எழுதிவிட்டுப் போகலாம். பூட்டினால் திரும்பத் திறக்க முடியாது என்பதால், பூட்டும் முன் இரண்டு போனில் தொட்டுப் பாருங்கள்.

எங்க கம்பெனில போனை கேட்டுலயே வாங்கி வெச்சுடறாங்க. அப்பறம் இதுக்கு என்ன வழி?
– செக்கிங் பிரிவு, பல்லடம்

பையரின் டிசைன் வெளியே போகக்கூடாது என்ற காரணம் நியாயமானது. அதை உடைக்க வழி தேட வேண்டாம். லைனுக்கு ஒரு பழைய டேப்லெட்டைச் சுவரில் மாட்டி, கேமராவை மறைத்து, அந்த லைனின் பக்கங்களை மட்டும் திறக்கும்படி திரைப் பூட்டு போட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்ட்ராய்டிலேயே ஒரு செயலியைத் திரையில் பின் செய்யும் வசதி இருக்கிறது. சார்ஜர் வயர் தொங்காமல் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். அதற்கும் சம்மதம் இல்லையென்றால் சாக்பீஸ் போர்டு போதும். இடத்தோடு ஒட்டியிருப்பதுதான் முக்கியம். டிஜிட்டலாக இருப்பது அதற்கு அடுத்ததுதான்.

ஒடியா, இந்தி, வங்காளம் பேசறவங்கதான் எங்க லைன்ல பாதிப்பேர். தமிழ்ல எழுதி வெச்சா அவங்களுக்கு என்ன பிரயோசனம்?
– உற்பத்தி மேலாளர், காங்கயம் ரோடு

பக்கத்தை குரோமில் திறந்தால் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறது. இந்தி, வங்காளம் இரண்டும் வெகு நாளாக உண்டு, ஒடியா 2020ல் கூகுள் மொழிபெயர்ப்பில் சேர்ந்தது. ஆனால் நம் பேச்சுத் தமிழை அது தடுமாறித்தான் பெயர்க்கும். "ஊசி ஓட்டை விழுது" என்பது அந்தப் பக்கம் என்னவாகப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் குறிப்பின் முதல் வரியை மட்டும் எல்லாரும் ஒன்றாகச் சொல்லும் தொழில் சொல்லாக வையுங்கள்: ஓவர்லாக், ஊசி, பால்பாயிண்ட், 9, ஓகே. பனியன் துணிக்குப் பால்பாயிண்ட் ஊசி போடாவிட்டால் நூலை அறுத்து ஓட்டை விழும் என்பது எந்த ஊர் டெய்லருக்கும் தெரியும். "சிங்கிள் ஜெர்சி, பால்பாயிண்ட் 9 ஓகே" என்றால் மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை.

எழுதும்போது கீபோர்டின் மைக்கைத் தொட்டு அவரவர் மொழியில் பேசலாம். ஓடும் லைனுக்கு நடுவே நின்று பேசினால் பாதிச் சொல் தப்பாக விழும். நாலடி தள்ளிப் போய் வாயருகே வைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒடியாவில் வந்த குறிப்பை, அந்த லைனில் இரு மொழியும் அறிந்த ஒருவர் கீழே தமிழில் போட்டால் அது பெரிய உதவி. அந்த வேலைக்கு அவருக்கு 10 நிமிடம் ஷிப்டுக்குள்ளேயே கொடுங்கள், ஷிப்ட் முடிந்த பிறகு அல்ல.

எல்லாம் ஒட்டி மூணு வாரம் ஆச்சுங்க. யாரும் எழுதறதில்லை. "எழுதுனா எங்க பேரு தெரிஞ்சு ஆபீஸ்ல கேப்பாங்க"ன்னு பயப்படறாங்க.
– மனிதவளப் பிரிவு, சோமனூர்

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி இமெயில் சேகரிப்பை அணைத்து, பெயரைக் கட்டாயமாக்காமல் விட்டால், ஷீட்டில் நேரமும் இடமும் விஷயமும் மட்டுமே விழும். யார் போன், எங்கே நிற்கிறார் என்று எதுவும் வராது. இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒருவரை எழுதச் சொல்லி, ஷீட்டில் வந்து விழுந்ததைத் திரையில் எல்லாருக்கும் காட்டுங்கள். பெயர் சேகரிப்பதாக இருந்தால், 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு என்பதையும் முதலாளிக்கு நினைவுபடுத்துங்கள்.

ஆனாலும் சின்ன லைனில் இரவு 2 மணிக்கு ஒரு மெசினைப் பற்றி எழுதியது யார் என்று சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். அதை மறைக்கத் தொழில்நுட்பத்தில் வழியில்லை. குறிப்பில் வந்த எதையும் வைத்து யாரையும் கேள்வி கேட்பதில்லை, மெமோ கொடுப்பதில்லை என்று நிர்வாகம் சொல்லி, அதன்படி நடக்க வேண்டும். ஒரு முறை மீறினாலும் அதன்பின் அந்த ஸ்டிக்கரை யாரும் தொட மாட்டார்கள்.

எழுதாததற்கு இன்னொரு காரணம், எழுதினால் ஒன்றும் நடக்காதது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு குறிப்புக்கும் அதே ஷிப்டுக்குள் ஒரு வரி பதில் அதே இடத்தில் வர வேண்டும். "பார்த்தாச்சு, பெல்ட் வெள்ளிக்கிழமை வருது" என்றால் போதும். பதிலை மெக்கானிக் எழுதட்டும், ஆபீஸ் எழுத வேண்டாம். "மதிப்புக்குரிய பணியாளர்களுக்கு" என்று ஆரம்பிக்கும் சுற்றறிக்கையை இந்தப் பக்கத்தில் ஒரு தடவை போட்டாலும், இது ஆபீஸ் போர்டு என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

மெசினை ரிப்பேருக்குக் கழட்டி வெச்சிருக்கோம், "ஆன் பண்ணாதீங்க"ன்னு இதுலயே எழுதிடலாமா?
– எலெக்ட்ரீசியன், கரூர்

கூடவே கூடாது. ஸ்கேன் செய்தால்தான் தெரியும் என்ற எச்சரிக்கை, உயிர் போகும் இடத்தில் எச்சரிக்கையே இல்லை. மெயினை அணைத்து, ஐசொலேட்டரில் (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) பூட்டு போட்டு, சாவியை வேலை செய்பவர் பையில் வைத்து, சிவப்பு அட்டையைக் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும். கெமிக்கல் சிந்தியது, கேஸ் வாடை, தரையில் வழுக்கல், தீயணைப்பான் காலி போன்றவையும் இதில் எழுதிவிட்டுப் போகும் விஷயங்கள் அல்ல. நேரே போய்ச் சொல்ல வேண்டியவை. ஸ்டிக்கரின் அடியிலேயே "ஆபத்துன்னா எழுதாதீங்க, கூப்பிடுங்க" என்று அச்சடித்து, கூப்பிட வேண்டிய நெம்பரையும் போடுங்கள்.

எங்களது போர்வெல் போடற ரிக் வண்டி. ஊரூராப் போறோம். போன தடவை வந்த டிரைவருக்குத் தெரிஞ்ச வழி, இந்தத் தடவை போறவருக்குத் தெரியறதில்லை. எங்களுக்கு இது உதவுமா?
– திருச்செங்கோடு

உங்களுக்குத்தான் ஜிபிஎஸ் முழுசாக உதவும், வேலை வெட்டவெளியில் அல்லவா. கூகுள் மேப்ஸில் ஒரு பட்டியல் தொடங்கி, எல்லா டிரைவருக்கும் திருத்தும் உரிமையோடு பகிருங்கள். போர் போட்ட இடத்தில் நின்று அழுத்திப் பின் வைத்துப் பட்டியலில் சேர்த்து, அதிலேயே குறிப்பு எழுதலாம்: "மாரியம்மன் கோயில் தாண்டி இடது கை மண்ரோடு. கரண்ட் ஒயர் தாழ்வு, ரிக் கம்பத்தைச் சாய்ச்சே போகணும். மழைன்னா கம்ப்ரசர் வண்டி ஏறாது, கிழக்கால தோட்டத்து வழி."

இணைப்பு கிடைக்காத ஊர் நிறைய உண்டு. கிளம்பும் முன் அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். பட்டியல் குறிப்பு இணைப்பு இல்லாமல் திறக்காமல் போகலாம், ஆகவே அன்றைக்குப் போகும் இடத்தின் குறிப்பை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. போனில் வாயால் இடம் சொல்ல வேண்டுமானால் பிளஸ் கோடு (கூகுள் மேப்ஸ் ஒவ்வோர் இடத்துக்கும் காட்டும் குறி) கேளுங்கள். அதன் 10 இலக்கக் குறி ஏறக்குறைய 14 மீட்டர் சதுரத்தைக் காட்டும். இன்னொரு இலக்கம் சேர்த்தால் 3 மீட்டர் அளவுக்கு வரும். தென்னந்தோப்புக்குள் பாயிண்ட் சொல்ல அந்த 11ஆம் இலக்கம் வேண்டும்.

இதை முதல்ல யார் செய்து பார்த்தாங்க?
– பாலிடெக்னிக் மாணவி, ஈரோடு

அலுவலகத்துக்குள் ஆள் எங்கே இருக்கிறார் என்று அகச்சிவப்புக் கதிர் விடும் அடையாள அட்டையால் அறியும் ஆக்டிவ் பேட்ஜை, இங்கிலாந்து கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகம் செய்தது. அது பற்றிய கட்டுரை 1992ல் வந்தது. இடத்தில் குறிப்பை விட்டுச் செல்லும் ஜியோநோட்ஸ் என்ற அமைப்பை 2000க்குப் பிறகு சுவீடனில் கட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஈ-கிராஃபிட்டி என்று மாணவர்களுக்குக் கொடுத்தபோது, அவர்கள் இடத்தை மறந்து அதைச் சாதாரண அரட்டை போலவே பயன்படுத்தினார்கள் என்று 2002ல் எழுதினார்கள். இடத்தோடு சம்பந்தமில்லாததை எழுத விட்டால் எந்த அமைப்பும் இன்னொரு குரூப்பாகிவிடும். கியூஆர் வந்தது 1994ல், ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், வாகன உதிரிபாகங்களைப் பின்தொடர. பட்டறைத் தேவையிலிருந்து பிறந்தது என்பதால்தான் எண்ணெயும் கீறலும் பட்டாலும் படிக்கும்படி அதை வடிவமைத்தார்கள்.

நாள் முடிஞ்சு மறைஞ்ச குறிப்பெல்லாம் எங்க போகுது? அழிக்கலாமா?
– கம்ப்யூட்டர் ஆபரேட்டர், அவிநாசி

மறைவது இடத்துப் பக்கத்திலிருந்து மட்டும்தான்; மூல ஷீட்டில் அப்படியே இருக்கும். உடனே அழிக்காதீர்கள். மாதம் ஒரு முறை மெக்கானிக்கோடு உட்கார்ந்து இட எண்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே மெசினுக்கு ஒரே குறிப்பு மூன்று தடவை வந்திருந்தால், அந்த வரியைப் பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் ஏற்றி, பார்ட் ஆர்டர் போடச் சொல்லுங்கள். "9 பால்பாயிண்ட் ஓகே" போல எப்போதும் உதவும் குறிப்பு வந்திருந்தால், அதை அட்டையில் பெரிதாக எழுதி ஊசி மாற்றும் மேசையில் மாட்டிவிடுங்கள். அதற்கு ஸ்கேன் தேவையில்லை. ஒரு மாதம் முழுக்க ஒரு குறிப்பும் வராத இடத்தின் ஸ்டிக்கரைக் கழற்றி, ஆட்கள் நின்று பேசும் வேறு இடமாகப் பார்த்து ஒட்டுங்கள். இடம் மாற்றினால் எண்ணும் புதிது, தாவலும் புதிது. பழைய 304ஐ வேறு மெசினுக்குக் கொடுத்தால், பழைய குறிப்பில் பாதி அந்தப் புது மெசினின் பேரில் வந்து நிற்கும்.